மேற்குச் சுவர்க் குடித்தனம்

லூடவீர் கிராமத்தில் நிலம் நடுங்கினால் யாரும் தெருவுக்கு ஓடுவதில்லை. அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுக்கும், நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அறுபது வருஷமாக அந்த மண்ணுக்கடியிலிருந்து எரிவாயுவை உறிஞ்சி நாடு முழுக்கக் குளிர்காய்ந்தது. பிறகு போதும் என்று அரசாங்கம் குழாயை மூடியது. மூடிய சேதி நிலத்துக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

அப்படி ஒரு நடுக்கத்தில்தான், போன வருஷத்துக்கு முந்தைய அக்டோபரில், ஹில்யாவின் வீட்டு மேற்குச் சுவர் பிளந்தது. பெரிய நடுக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. அவள் தொழுவத்தில் கன்றுகளுக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்தாள். வாளிப் பாலில் வளையம் வளையமாக அலை எழுந்தது. கலக்கி முடித்து, ஊட்டி முடித்துத் திரும்பி வந்தபோது சுவர் வாயைத் திறந்துகொண்டு நின்றது. கீழே விரல் நுழையும், மேலே பூனை நுழையும்.

நகரத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். சுவருக்கு ஐந்து மரமுட்டுக் கொடுத்தார்கள். வாசலில் சிவப்பு வெள்ளை நாடா கட்டி, மனிதர் உள்ளே நுழையக் கூடாது என்று பலகை மாட்டினார்கள். முற்றத்தில் இரண்டு கன்டெய்னர்களை ஒட்டவைத்து, ஆறு மாசம் இதில் இருங்கள் என்றார்கள். ஹில்யாவும் சொன்ன சொல்லை நம்பி ஆறு மாசத்துக்கான உடுப்பை மட்டும் எடுத்துவந்தாள்.

இரண்டு குளிர்காலம் போய்விட்டது. கடல் பக்கமிருந்து வரும் மழை அந்த ஊரில் மேலிருந்து விழாது, படுத்துக்கொண்டே வரும். கன்டெய்னர் தகரத்தில் அது அடிக்கிற அடியில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. சமைத்தால் சுவரில் வேர்க்கும். அவள் புருஷன் ரைண்ட் ஆறேகால் அடி மனிதன். நாற்பத்தெட்டு மாடுகளைக் கறந்துவிட்டு வந்து இங்கே தலையைக் குனிந்து குனிந்து அவனுக்குப் பிடரியில் ஒரு வலி நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. எல்லாவற்றையும் விடக் கொடுமை அந்த ஜன்னல். கன்டெய்னருக்கு ஒரே ஜன்னல். அதில் தெரிவது ஒன்றே ஒன்று, அவர்களுடைய வீடு.

தப்பு ஹில்யாவுடையது. அவளே அப்படித்தான் சொல்வாள்.

நகரத்தில் இந்த வட்டாரத்து எரிசக்தியையும் சுற்றுச்சூழலையும் பார்த்துக்கொள்ள ஒரு கட்டடம் இருக்கிறது. நாலாம் மாடி எரிசக்திப் பிரிவு: எரிவாயு எடுத்ததால் கெட்ட வீடுகளைப் பலப்படுத்துவது அவர்கள் பொறுப்பு. ஐந்தாம் மாடி சுற்றுச்சூழல்: மண், தண்ணீர், பறவை, பூச்சி. ஊரில் யாரும் பிரிவின் பெயரைச் சொல்வதில்லை. நாலாம் மாடி, அஞ்சாம் மாடி என்றால் குழந்தைக்கும் தெரியும்.

நாலாம் மாடி அனுப்பிய விண்ணப்பத்தில் பதினேழாவது கேள்வி: கட்டடத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினம் ஏதேனும் வசிக்கிறதா? ஊரே அதற்கு இல்லை என்று எழுதியது. ஹில்யா, ஆம் என்பது ஆம், இல்லை என்பது இல்லை என்று சொல்லிக்கொடுத்த சபையில் வளர்ந்தவள். ஆம், வௌவால்கள், மேற்கு இரட்டைச் சுவரின் நடு இடைவெளியில், என்று எழுதினாள். அதோடு நின்றிருக்கலாம். கல்யாணமான வருஷத்திலிருந்து, ஜூனில் பகல் மிக நீண்ட நாளன்று, கறவை முடிந்ததும் அவளும் ரைண்டும் பால்வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, இருட்டும் நேரத்தில் சுவரிலிருந்து புறப்படுகிற வௌவால்களை எண்ணுவார்கள். முப்பது வருஷக் கணக்கு ஒரு நீல நோட்டில் இருந்தது: தேதி, காற்றின் திசை, எண்ணிக்கை. முதல் வருஷம் பன்னிரண்டு, அதிகபட்சம் அறுபத்து மூன்று. இப்படிப்பட்ட நோட்டை வைத்துக்கொண்டு யார்தான் சும்மா இருப்பார்கள்? முழுசாக நகல் எடுத்து விண்ணப்பத்தோடு இணைத்துவிட்டாள். நுணலும் தன் வாயால் கெடும். ஹில்யா தன் கையெழுத்தால் கெட்டாள்.

ஐந்தாம் மாடியிலிருந்து பாராட்டுக் கடிதமே வந்தது. மாகாணத்திலேயே இவ்வளவு நேர்த்தியாகப் பதிவான தாய்வௌவால் கூட்டம் வேறு இல்லையாம். ஆகவே அந்தச் சுவரில் உளி படக்கூடாதாம்.

பக்கத்துப் பண்ணை ஃபோக்கோ பத்து மணிக் காபிக்கு வந்தபோது கடிதத்தை இரண்டு தடவை படித்தான். அவன் வீடு பழுதுபார்த்து முடிந்து, புதுக் கூரை வேறு போட்டாகிவிட்டது.

"அப்ப வௌவால் உள்ள இருக்கலாம், நீங்க இருக்கக் கூடாது. அதானே?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"வாடகையாவது வாங்குறியா?"

"உன் வீட்டுல வௌவாலே இல்லையா ஃபோக்கோ?" என்று ஹில்யா கேட்டாள். "உன் சுவர்லேர்ந்து கூட்டம் கூட்டமா வரும், நானே பாத்திருக்கேன்."

"வீட்டுல இருந்துச்சு. கேள்வித்தாள்ல இல்ல."

ரைண்ட் சிரிக்கவில்லை. "அடிச்சதும் கல்லா இறுகுற நுரை ஒரு டப்பா போதும்," என்றான். "அந்த ஓட்டையில பீச்சி அடைச்சா ஒரு நிமிஷ வேலை. அப்புறம் யாரு வந்து எண்ணுனாலும் பூஜ்யந்தான்."

"செத்துப் போயிரும் ரைண்ட்."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சுக்குக்கூட வேணாம்."

போன ஜூனில் எண்ணியபோது இருபத்திரண்டுதான் வந்தன. அன்றைக்கு வடக்குக் காற்று. அதனால்தான் என்று நோட்டில் எழுதிவைத்தாள்.

இந்த வருஷம் பிப்ரவரியில் ஒரே தபாலில் இரண்டு கடிதம் வந்தது. நாலாம் மாடி சொன்னது: கொத்தனார்கள் ஏப்ரல் ஒன்றாம் தேதி வருவார்கள், ஆகஸ்டுக்குள் முடிப்பார்கள், அவர்கள் வரும் நாளில் சுவரை ஒப்படைக்காவிட்டால் உங்கள் பெயர் வரிசையின் கடைசிக்குப் போகும். ஐந்தாம் மாடி சொன்னது: ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை வௌவால்கள் குட்டி போட்டு வளர்க்கும் காலம்; சுவர்ப் பக்கம் யாரும் போகக்கூடாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஹில்யா இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே கட்டடம், ஒரே முகவரி, உறையில்கூட ஒரே படம்.

மறுநாள் ஞாயிறு ஆராதனைக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

நாலாம் மாடியில் ஸ்டெய்ன் என்ற இளைஞன் உட்காரச் சொன்னான். மரியாதையான பையன், காபியும் வரவழைத்தான்.

"உங்க தேதியும் மேல் மாடி தேதியும் முட்டிக்குது தம்பி. நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கக் கூடாதா?"

"அதுக்குன்னே ஒருங்கிணைப்புக் குழு இருக்கு மேடம்."

"எப்ப கூடும்?"

"மூணு மாசத்துக்கு ஒருதடவை. போன தடவை போதுமான ஆள் வரல, அதனால தள்ளிப் போயிருச்சு."

"இந்தக் கட்டடத்துல படிக்கட்டு கிடையாதா?"

அவன் காது சிவந்தது. "இருக்கு மேடம். ஆனா அவங்க ஃபைலை நான் திறக்க முடியாது, என்னோடத அவங்க திறக்க முடியாது."

"ஃபைலைத் திறக்க வேணாம். வாயைத் திறந்தாப் போதும்."

ஹில்யாவே படியேறிப் போனாள். ஐந்தாம் மாடியில் அந்தப் பாராட்டுக் கடிதத்தை எழுதிய வீட்ஸ்காவைக் கண்டுபிடித்தாள். நாற்பது வயது, பக்கத்து மாகாணமான ஃப்ரீஸ்லாந்துக்காரி, ஹில்யாவின் நோட்டைப் பற்றிக் கண் மின்னப் பேசினாள். ஹில்யா கையோடு அவளைக் கீழே கூட்டிவந்து ஸ்டெய்ன் முன்னால் உட்காரவைத்தாள். அந்த இரண்டு பேரும் நாலு வருஷமாக ஒரே காபி மெஷின் முன்னால் நின்றவர்கள். யார் சர்க்கரை போடுவார், யார் பால் சேர்ப்பார் என்றுகூடத் தெரியும். பெயர் தெரியாது.

மூன்று வாரம் கழித்து, இரண்டு கையெழுத்தும் உள்ள ஒரே கடிதம் வந்தது. வௌவால்கள் கிளம்பிய பிறகு, செப்டம்பர் பதினைந்தில் வேலை ஆரம்பிக்கலாம். ஒரு நிபந்தனை: ஜூன் கணக்கெடுப்பில் கூட்டம் அந்தச் சுவரிலேயே இருக்கிறது என்று உறுதியாக வேண்டும். இருந்தால், இடம் மாறிக்கொள்ளக் கொட்டகைப் பக்கம் பெட்டிகள் மாட்டித் தருவார்கள். இல்லாவிட்டால், ஏன் போயின, யார் விரட்டினார் என்று இரண்டு கோடை ஆராய வேண்டும். அதுவரை சுவரைத் தொடக்கூடாது.

அன்று மத்தியானம் கடுகு சூப்பும் ரொட்டியும். ஹில்யா கடிதத்தைச் சத்தமாகப் படித்தாள். ரைண்ட் சூப்பை முடித்தான். பிறகு பின்னால் இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து மேசையில் வைத்தான். அது அவளுக்கும் தெரிந்த தாள்தான். ஆற்றோரத்து மாட்டுப் பண்ணைகளை, மண்ணும் தண்ணீரும் தேறட்டும் என்று, அரசே விலைக்கு வாங்கிக்கொள்ளும் திட்டம். கெடு ஜூலை ஒன்று. அடியில் இரண்டு கோடு. ஒன்றில் ரைண்டின் கையெழுத்து புதுசாக இருந்தது.

"எப்ப போட்ட?"

"காலையில. கறந்துட்டு வந்து."

"என்கிட்ட சொல்லல."

"சொன்னா நீ பேசுவ. எனக்குக் கேக்கத் தெம்பில்ல." அவன் பிடரியைத் தேய்த்துக்கொண்டான். "அம்பத்தெட்டு வயசாச்சு ஹில்யா. சொந்த வீட்டை ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு ஒரு தகரப் பெட்டிக்குள்ள இன்னொரு குளிர்காலம் என்னால ஆகாது. மாட்டைக் குடுப்போம், நெலத்தைக் குடுப்போம், நேரா நிமிர்ந்து நிக்கிற மாதிரி ஒரு வீட்டுக்குப் போவோம்."

"செப்டம்பர்ல வேலை ஆரம்பிக்குதுன்னு எழுதியிருக்கே."

"வௌவால் இருந்தா."

"முப்பது வருஷமா இருக்கு. இந்த வருஷம் எங்க போயிரும்?"

"ரெண்டு மாடி ஆபீசை நம்புன. இப்ப வௌவாலை நம்புற."

"வௌவால் ஒரு தடவைகூட தேதி மாத்துனதில்ல," என்றாள். "என் கோடு ஜூலை ஒண்ணு வரைக்கும் காலியாவே கிடக்கட்டும்."

ரைண்ட் தாளை மடித்து இழுப்பறையில் வைத்தான். அதற்குமேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. கன்டெய்னரில் சண்டை போடவும் இடமில்லை. கோபித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போவதென்றால் மழையில் தொழுவத்துக்குத்தான் போக வேண்டும்.

மே வந்தது. முதல் புல் அறுப்பு. நல்ல வெயில் நாலு நாள் கிடைத்தால் நாலு நாளும் ராப்பகல் ஓட்டம். அறுத்து, உதறி, வரிசைகட்டி, குவித்து, பிளாஸ்டிக் போர்த்தி, மேலே பழைய டயர்களை வீசிப் போடும்வரை முதுகை நிமிர்த்த முடியாது. வழக்கமாக மே நடுவில் வௌவால்கள் வந்துவிடும். இந்தத் தடவை சாயங்காலங்களில் ஹில்யா சுவர்ப் பக்கம் பார்த்தாள், ஒன்றும் தட்டுப்படவில்லை. குளிர் அதிகம், தாமதமாக வரும் என்று நினைத்துக்கொண்டாள். சுவரடியில் எச்சம் கிடக்கிறதா என்று பார்க்கப் போகலாம், பத்து அடிதான். ஏனோ போகவில்லை. பயம்தான், வேறென்ன.

ஜூன் இருபத்தொன்று. வீட்ஸ்கா சொன்ன நேரத்துக்குச் சைக்கிளை வேனிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தாள். மண்பாதையில் வேன் வேண்டாமென்று ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டாளாம். கையில் வௌவாலின் கூவலை மனிதக் காதுக்குக் கேட்கவைக்கிற சின்னக் கருவி.

"ஃப்ரீஸ்லாந்துக்காரங்க எங்க எல்லையைத் தாண்டி வந்தா முன்னெல்லாம் ஈட்டியோடதான் வருவாங்க," என்றான் ரைண்ட், வாளியைக் கவிழ்த்துப் போட்டபடி.

"இப்பவும் ஈட்டிதான். ஃபைல்ல வெச்சிருக்கேன்," என்றாள் வீட்ஸ்கா.

மூன்று வாளி, மூன்று பேர். ஹில்யா பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றினாள். தேன் கேக் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்து மூடினாள். அந்த ஊரில் ஒரு துண்டுக்குமேல் டப்பா திறக்காது. மகாராணி வந்தாலும் ஒன்றுதான். சூரியன் பத்து மணிக்குமேல்தான் இறங்கியது. மேய்ச்சலில் பனிப்புகை முழங்கால் உயரத்துக்கு எழுந்தது. நீல நோட்டு ஹில்யாவின் மடியில் இருந்தது. தேதியும், காற்று இல்லை என்பதும் எழுதியாகிவிட்டது.

பத்தேகால். கருவி மெல்ல இரைந்துகொண்டிருந்தது, வேறு சத்தமில்லை. பத்தரை. தாமதமான ஒரு தகைவிலான் குருவி கொட்டகைக்குள் நுழைந்தது. ஹில்யா பிளவையே பார்த்துக்கொண்டிருந்ததில் கண்ணில் நீர் கோத்தது. பதினோரு மணி நெருங்கியபோது வீட்ஸ்கா எழுந்துபோய்ச் சுவரடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். புல் சுத்தமாக இருந்தது. எச்சம் ஒன்றுகூட இல்லை.

"இந்த வருஷம் அதுங்க வரவே இல்ல," என்றாள்.

ஹில்யா ரைண்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ ஏதாவது செஞ்சியா?"

அந்நிய மனுஷி முன்னால் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டு முடிக்கும்போதே அவளுக்குத் தெரிந்தது. ரைண்ட் காபிக் கோப்பையைத் தரையில் வைத்தான்.

"முப்பத்தோரு வருஷமா பக்கத்து வாளியில உக்காந்திருக்கேன்," என்றான். "நீ கொட்டாவி விடுறப்பெல்லாம் நாந்தான் எண்ணுனேன்."

"நுரைன்னு சொன்னியே."

"சொன்னேன். செய்யல." அவன் எழுந்து வீட்ஸ்காவின் பக்கத்தில் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தான். "தொட்டுப் பாரு. ஜில்லுன்னு கிடக்கு, பொணம் மாதிரி. இதுக்கு உள்பக்கம் என்ன ரூம்? நம்ம உக்கார்ற ரூம். உனக்கு முட்டி வலிக்குதுன்னு மே மாசம் முடியுற வரைக்கும் கணப்பு எரியும். அந்தச் சூட்டுலதான் அதுங்க குட்டி போட்டுச்சு. ரெண்டு குளிர்காலமா உள்ள நெருப்பு இல்ல. ஆளில்லாத வீட்டுல அதுங்க மட்டும் எதுக்கு இருக்கணும்?"

போன ஜூனின் இருபத்திரண்டு ஹில்யாவுக்கு ஞாபகம் வந்தது. வடக்குக் காற்று என்று எழுதியிருந்தாள்.

வீட்ஸ்காவும் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். "இதை யாரும் யோசிக்கல," என்றாள். "வீட்டைச் சூடா வெச்சிருக்கணும்னு எழுதியிருக்கணும்."

"எந்த மாடி எழுதியிருக்கணும்?" என்று ரைண்ட் கேட்டான்.

வீட்ஸ்கா டார்ச்சை அணைத்தாள். வாளியில் வந்து உட்கார்ந்து, மேய்ச்சல் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "ஃபைல்ல நான் சேர்க்கப்போறது உங்க நோட்டுப் பக்கத்தைத்தான் ஹில்யா. நீங்க என்ன எழுதுறீங்களோ அது. முப்பது வருஷக் கணக்கு, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

ஹில்யாவுக்குப் புரிந்தது. பத்தொன்பது என்று எழுதினால் போதும். செப்டம்பரில் கொத்தனார்கள் வருவார்கள், குளிருக்கு முன்னால் கணப்பின் முன்னால் முட்டியை நீட்டி உட்காரலாம், ரைண்ட் நிமிர்ந்து நடப்பான். ஒரே ஓர் எண். மேலே முப்பது எண்கள், ஒவ்வொன்றும் குளிரிலும் கொசுக்கடியிலும் உட்கார்ந்து எண்ணியது. பதினேழாவது கேள்விக்கு இல்லை என்று எழுதத் தெரியாத கைக்கு இப்போது மட்டும் எப்படித் தெரியும்? அழுகை வந்தது, அழுதாள். அழுதுகொண்டே பூஜ்யம் போட்டாள்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் தாளைக் கொண்டா ரைண்ட்," என்றாள். "பேனா கையிலதான் இருக்கு. இன்னும் ரெண்டு கோடைக்காலம் காத்துக் கிடக்க வேணாம். நான் போட்டுர்றேன்."

ரைண்ட் சுவரிலிருந்து கையை எடுத்தான். கன்டெய்னருக்குள் போனான். திரும்பி வந்தபோது கையில் தாள் இல்லை. சுள்ளிக் கூடையும் தீப்பெட்டியும் இருந்தன. அவர்களைத் தாண்டி நடந்து, வாசல் நாடாவை ஒரு கையால் தூக்கி, வழக்கமாகக் குனிகிற மாதிரியே குனிந்து, வீட்டுக்குள் போனான்.

வீட்ஸ்கா பாதி எழுந்தாள். பலகையைப் பார்த்தாள். உள்ளே ஏதோ மரச்சாமான் நகரும் சத்தம் கேட்டது, பிறகு இருமல். கொஞ்சநேரத்தில் புகைபோக்கியிலிருந்து, ஜூன் மாசத்தில், புகை எழுந்தது.

"மனுஷங்க உள்ள போறது நாலாம் மாடி விஷயம்," என்று சொல்லிவிட்டு வீட்ஸ்கா மறுபடி உட்கார்ந்தாள். "என் ஃபைல் சுவரோட வெளிப்பக்கம் மட்டுந்தான்."

ஹில்யா கேக் டப்பாவைத் திறந்து, மூடாமல், அவள் மடியில் வைத்தாள். நோட்டை வாளிமேல் வைத்துவிட்டுப் போய் நாடாவைத் தூக்கிப் பிடித்தாள். இருபது மாசத்தில் ஒருமுறைகூட அவள் அதைத் தாண்டியதில்லை.

உள்ளே அக்டோபர் மாதக் காலண்டர் அப்படியே தொங்கியது. தூசி வாடையும் எலி வாடையும். ரைண்ட் கணப்பின் முன்னால் மண்டியிட்டு ஊதிக்கொண்டிருந்தான். ஈர விறகு முனகியது. தலைக்குமேல் எங்கோ சுண்ணாம்பு உதிர்ந்தது. ஹில்யா மேற்குச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வருஷம் இனிமே வராது ரைண்ட்."

"தெரியும்."

அவன் எழுந்து நிமிர்ந்தான். முழு உயரத்துக்கு நிமிர்ந்தான்; அவள் அதைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"இந்தக் கல்லு சூடேறவே ஒரு வாரம் ஆகும்," என்றான்.

ஹில்யா கையை எடுக்கவில்லை. "கையெழுத்துப் போட ஜூலை ஒண்ணு வரைக்கும் பத்து நாள் இருக்கு," என்றாள். "விறகு வை."